போர்க்கப்பல்கள் ஏன் மோதுகின்றன?

கடல் பரந்தது, எல்லை காணாதது. நாற்புறமும் நீரன்றி வேறொன்றும் தோன்றாத அப்பெருவெளியில் இரு கப்பல்கள் ஒன்றோடொன்று மோதின என்ற செய்தியைக் கேட்கும்போது, கரையில் வாழ்வோருக்கு அது நம்புதற்கு அரிய ஒன்றாகவே தோன்றும். ஒடுங்கிய தெருவிலே இரு வண்டிகள் முட்டிக்கொள்வதில் வியப்பில்லை. விலகிச் செல்வதற்கு எத்திசையிலும் இடமுள்ள கடலிலே மோதல் நிகழ்வானேன்? அதிலும், தேர்ந்த பயிற்சி பெற்ற நூற்றுக்கணக்கான மாலுமிகளையும், தொலைவை அளக்கும் நுண்ணிய கருவிகளையும், இரவு பகலாகக் காவலிருக்கும் அதிகாரிகளையும் கொண்ட போர்க்கப்பலே மோதுமாயின், அவ்வியப்பு இருமடங்காகின்றது.

ஆயினும், போர்க்கப்பல்கள் மோதியே வந்திருக்கின்றன. எதிரியின் குண்டுக்கு இரையாகாமல், அமைதிக் காலத்திலே, நட்புக் கப்பலின் முகப்பினாலும் வணிகக் கப்பலின் முகப்பினாலும் பிளவுண்ட கப்பல்கள் பல. இங்கு எடுத்துக் கூறப்படும் விபத்துகளுள் ஒன்றேனும் புயலின் நடுவிலோ, கண்ணை மறைக்கும் மூடுபனியிலோ நிகழ்ந்ததன்று. ஆகவே, அவற்றின் காரணத்தைக் கடலிடத்தே தேடிப் பயனில்லை. கப்பலை நடத்திய மனிதரிடத்தே தேடுதல் வேண்டும்.

முதலாவதாக, கப்பலின் இயல்பைச் சற்று அறிந்துகொள்ளுதல் நலம். தெருவில் ஓடும் வண்டியை நிறுத்தத் தடுப்புக் கருவி உண்டு. கப்பலுக்கு அத்தகைய கருவி எதுவும் இல்லை. இயந்திரத்தை நிறுத்திய பின்னரும், சுழலியை எதிர்ப்புறமாகச் சுழலச் செய்த பின்னரும், தன் பெரும் எடையின் வேகத்தினால் அது நெடுந்தூரம் முன்னோக்கிச் சென்றுகொண்டே இருக்கும். மிகப் பெரிய எண்ணெய்க் கப்பல்கள் முற்றாக நிற்பதற்குச் சில கிலோமீற்றர் தூரம் வேண்டும்.

திரும்புவதும் அவ்வாறே. சுக்கானைத் திருப்பிய அக்கணமே கப்பல் திரும்பிவிடுவதில்லை. சிறிது தூரம் பழைய வழியிலேயே சென்று, பின்னர் மெல்ல வளைந்து, பெரியதொரு வட்டத்தை வரைந்துகொண்டு திரும்பும். அப்படித் திரும்புகையில், முற்பகுதி ஒருபுறம் சாயப் பிற்பகுதி மறுபுறம் விலகி வீசும். எனவே, கப்பலை நடத்துவோன் தன் கண்முன் இருப்பதை மாத்திரம் எண்ணிச் செயற்படுதல் போதாது. இன்னும் ஐந்து நிமிடத்தில், பத்து நிமிடத்தில், தன் கப்பல் எங்கே இருக்கும், மற்றக் கப்பல் எங்கே இருக்கும் என்பதை எண்ணியே இப்பொழுது கட்டளையிடல் வேண்டும். கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் என்பது கடலிலே உயிர்ச்சேதமாக முடியும்.

தெருவிற்கு விதிகள் இருப்பதுபோலக் கடலுக்கும் விதிகள் உண்டு. இன்று உலக நாடுகள் கைக்கொள்ளும் மோதல் தடுப்பு விதிகள் 1972ஆம் ஆண்டு உடன்படிக்கையாக வகுக்கப்பட்டு, 1977ஆம் ஆண்டிலே நடைமுறைக்கு வந்தன. வணிகக் கப்பலாயினும் போர்க்கப்பலாயினும் இவற்றுக்கு அடங்கியே செல்லுதல் வேண்டும். கப்பல்கள் மிகுதியாகச் செல்லும் இடங்களில், வருவோருக்கும் போவோருக்கும் தனித்தனி வழிகள் வகுக்கப்பட்டுள்ளன. இலங்கையின் தென்கோடியாகிய தெய்வேந்திர முனைக்கு அப்பால், கிழக்கு நோக்கிச் செல்லும் கப்பல்களும் மேற்கு நோக்கிச் செல்லும் கப்பல்களும் பிரிந்து செல்வது இத்தகைய ஒழுங்கின்படியே ஆகும்.

அவ்விதிகளுள் சிலவற்றை நேயர்கள் அறிந்திருத்தல் சுவையாக இருக்கும். இரவிலே ஒவ்வொரு கப்பலும் தன் இடப்புறத்திற் சிவப்பு விளக்கையும், வலப்புறத்திற் பச்சை விளக்கையும், உயரத்தில் வெள்ளை விளக்கையும் ஏற்றிச் செல்லும். நேருக்கு நேராக வரும் இரு இயந்திரக் கப்பல்களும் தத்தம் வலப்புறமாக விலகுதல் வேண்டும். இரு கப்பல்களின் வழிகள் குறுக்கிடுமாயின், தன் வலப்புறத்தே மற்றொன்றைக் காணும் கப்பலே விலகிக்கொடுத்தல் வேண்டும். அக்கப்பலின் கண்ணுக்கு மற்றையதன் சிவப்பு விளக்கே தெரியும். அச்சிவப்பே அதற்கு எச்சரிக்கை. விலகும் கப்பல் காலந்தாழ்த்தாமல், மற்றவர் ஐயமின்றி உணர்ந்துகொள்ளும்படி தெளிவாக விலகவேண்டும் என்றும் விதி கூறுகின்றது.

மோதல் வருமா என்பதை முன்கூட்டியே அறிவதற்கும் எளிய வழியொன்று உண்டு. தொலைவிலே தெரியும் கப்பல் எத்திசையில் உள்ளது என்பதைத் திசைகாட்டியினாற் பார்த்துக் குறித்துக்கொள்ளல் வேண்டும். சிறிது நேரங் கழித்து மீண்டும் பார்த்தல் வேண்டும். அத்திசை மாறிக்கொண்டிருப்பின் அச்சமில்லை. அக்கப்பல் முன்னாலோ பின்னாலோ கடந்து சென்றுவிடும். திசை மாறாமல், தூரம் மாத்திரம் குறைந்துகொண்டே வருமாயின், இரு கப்பல்களும் ஒரே இடத்தை நோக்கி விரைகின்றன என்பது பொருள். இதனை அறிவதற்குப் பெருங்கல்வி வேண்டியதில்லை. கண்ணும் கவனமுமே வேண்டும்.

இவற்றோடு குறிப்பிடத்தக்க விதி இன்னொன்றும் உண்டு. ஒரு குறும் ஊதல் ஊதினால் வலப்புறம் திரும்புகின்றேன் என்றும், இரண்டு ஊதினால் இடப்புறம் திரும்புகின்றேன் என்றும், மூன்று ஊதினால் இயந்திரத்தைப் பின்னோக்கி இயக்குகின்றேன் என்றும் பொருள். விரைவாக ஐந்து முறையேனும் ஊதினால், "உன் எண்ணம் எனக்கு விளங்கவில்லை, நீ போதிய அளவு விலகுகின்றாயா என ஐயுறுகின்றேன்" என்பது பொருளாகும். அறிந்ததை அறிவிப்பதற்கு ஓர் ஒலி இருப்பது போலவே, அறியாமையையும் ஐயத்தையும் அறிவிப்பதற்கும் கடல் விதி ஓர் ஒலியை வகுத்திருக்கின்றது. ஐயத்தை மனத்துள் அடக்கி வைத்தல் கடலிலே குற்றம். இக்கருத்தை நினைவிற்கொண்டு வரலாற்றை நோக்கினால், பல விபத்துகளின் காரணம் தானே விளங்கும்.

போர்க்கப்பல்களுக்கு வணிகக் கப்பல்களுக்கு இல்லாத இடர்கள் சில உண்டு. அவை தனித்துச் செல்லாது, அணிவகுத்து, ஒன்றற்கொன்று அண்மையிற் செல்லவேண்டிய கடமையுடையன. பயிற்சிக் காலங்களிற் சடுதியாகத் திரும்பவும், வேகத்தைக் கூட்டிக் குறைக்கவும் நேரும். சிலவேளைகளில் விளக்குகளையும் மங்கச் செய்வர். இவை யாவும் ஆபத்தை மிகுவிப்பன. ஆயின், இவற்றுக்கெல்லாம் மேலாகப் படையிலே மற்றொன்றும் உண்டு. அதுதான் கட்டளைக்குக் கீழ்ப்படியும் வழக்கம். படைக்கு இன்றியமையாத அக்குணமே, அளவு கடந்த விடத்து என்ன செய்யும் என்பதற்கு 1893ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு மோதல் சான்றாக விளங்குகின்றது.

அவ்வாண்டு யூன் மாதம் 22ஆம் நாள், பிரித்தானியக் கடற்படையின் மத்தியதரைக் கடல் அணி, இன்று லெபனான் எனப்படும் நாட்டின் திரிப்பொலி நகருக்கு அண்மையிற் சென்றுகொண்டிருந்தது. அணியின் தலைவர் வைஸ் அட்மிரல் சேர் ஜோர்ஜ் ட்ரையன். கப்பல்களை அணிவகுத்து நடத்துவதில் அவருக்கு நிகரானவர் அக்காலத்தில் அரியர் எனப் பலரும் போற்றினர். தம்முடைய திட்டங்களை முன்கூட்டி எவருக்கும் விளக்கிக் கூறும் வழக்கம் அவரிடத்து இருக்கவில்லை. அவர் ஏறியிருந்த விக்டோரியா என்னும் கப்பல் 6 கப்பல்களைக் கொண்ட ஒரு வரிசைக்கு முன்னணியிற் சென்றது. அதற்கு இடப்புறத்தே, துணைத் தளபதி றியர் அட்மிரல் மார்க்கம் ஏறியிருந்த கம்பர்டவுன் என்னும் கப்பல் 5 கப்பல்களைக் கொண்ட மற்றொரு வரிசைக்கு முன்னணியிற் சென்றது.

இரு வரிசைகளும் ஒன்றையொன்று நோக்கி உட்புறமாகத் திரும்பி, வந்த திசைக்கு எதிர்த்திசையிற் செல்லவேண்டும் என்பது ட்ரையனின் எண்ணம். கப்பல்களுக்கிடையே உள்ள தூரத்தை மாலுமிகள் கேபிள் என்னும் அளவினாற் கணிப்பர். ஒரு கேபிள் ஏறக்குறைய 185 மீற்றர். அக்கப்பல்கள் ஒவ்வொன்றும் திரும்புவதற்கு ஏறத்தாழ 4 கேபிள் விட்டமுள்ள வட்டம் வேண்டும். எதிரெதிராக இரு கப்பல்கள் உட்புறம் திரும்பினால், அவ்விரு வட்டங்களுக்கே 8 கேபிள் தூரம் வேண்டும். அவற்றிடையே பாதுகாப்பான இடைவெளியும் இருக்கவேண்டுமாயின், அதனினும் மிகுதியாக வேண்டும். இது சிறு பள்ளி மாணவனும் செய்யத்தக்க கணக்கு.

ட்ரையனோ வரிசைகளுக்கிடையே 6 கேபிள் தூரம் வைக்கும்படி கட்டளையிட்டார். அவருடைய கப்பலிலிருந்த வழிகாட்டும் அதிகாரி, குறைந்தது 8 கேபிளாவது வேண்டும் என்று முதலில் எடுத்துரைத்தார். அட்மிரலும் அதனை ஏற்றுக்கொண்டார். ஆயினும், பின்னர் ஏறிய கொடியோ 6 என்றே அறிவித்தது. அதனைக் கண்டு ஐயுற்ற அதிகாரிகள் உறுதி செய்துகொள்ளுமாறு ஒருவரை அனுப்பினர். 6 ஆகவே இருக்கட்டும் என்ற மறுமொழி வந்தது. அதன்பின் எவரும் வற்புறுத்தவில்லை. அவர் பெருந்திறமைசாலி, ஏதோ ஒரு சூட்சுமத்தை மனத்திற்கொண்டே கூறுகின்றார் என எல்லோரும் எண்ணிக்கொண்டனர்.

கம்பர்டவுனில் இருந்த மார்க்கமும் ஐயுற்றார். கட்டளையை விளங்கிக்கொண்டேன் என்பதைக் காட்டும் கொடியை முழுதும் ஏற்றாமல், பாதியில் நிறுத்தி வைத்தார். தம் ஐயத்தைச் செய்தியாகத் தெரிவிக்கவும் எண்ணினார். அதற்குள், எதற்காகக் காத்திருக்கிறீர் என்று தலைமைக் கப்பலிலிருந்து கேள்வி வந்தது. அணியிலுள்ள கப்பல்கள் யாவும் காணும்படி வந்த கேள்வி அது. தலைவர் தம் கப்பலை வெளிப்புறமாகச் சுற்றிக்கொண்டு செல்வார் போலும் எனத் தமக்குள் ஒரு விளக்கத்தைக் கற்பித்துக்கொண்டு, மார்க்கம் கொடியை முழுதும் ஏற்றினார். இரு கப்பல்களும் திரும்பத் தொடங்கின.

அன்று பிற்பகல் மூன்றரை மணிக்குச் சற்றுப் பின்னர், கம்பர்டவுனின் முகப்பு விக்டோரியாவின் வலப்புறத்து முற்பகுதியைப் பிளந்தது. எதிரிக் கப்பல்களை முட்டி உடைப்பதற்கென்றே அக்காலத்துப் போர்க்கப்பல்களின் முகப்பு நீருக்கடியிற் கூரியதாக அமைக்கப்பட்டிருந்தது. அவ்வாயுதம் தன் அணியின் தலைமைக் கப்பலையே துளைத்தது. வெயில் மிகுந்த பிற்பகலாகையால், நீர் புகாதபடி தடுக்கும் கதவுகளும் திறப்புகளும் திறந்து கிடந்தன. அவற்றை அடைக்கும் முயற்சி மோதலுக்குச் சற்று முன்னரே தொடங்கிற்று, காலம் போதவில்லை. கால் மணி நேரத்துக்குள் விக்டோரியா கவிழ்ந்து மூழ்கியது. 358 பேர் மாண்டனர். அவர்களுள் ட்ரையனும் ஒருவர். தவறு முழுவதும் தம்முடையதே என அவர் இறுதி வேளையிற் கூறியதாக உயிர்தப்பியோர் சாட்சி பகர்ந்தனர். காய்ச்சலினாற் படுக்கையிற் கிடந்து உயிர்தப்பிய அதிகாரி ஒருவர், பின்னர் 1916ஆம் ஆண்டு ஜட்லாந்துப் போரிலே பிரித்தானியக் கடற்படையை நடத்திய ஜோன் ஜெலிக்கோ ஆவார்.

ட்ரையன் ஏன் அவ்வாறு கட்டளையிட்டார் என்பதைப் பற்றிப் பலர் பலவாறு எழுதியுள்ளனர். வட்டத்தின் ஆரையையும் விட்டத்தையும் குழப்பிக்கொண்டார் என்பது ஓர் ஊகம். அது எவ்வாறாயினும், ஒருவருடைய கணக்குத் தவறிற்று என்பது இக்கதையின் பாதியே. அத்தவறைப் பலர் கண்டனர்; கண்டும் அதனைத் தடுக்கும் அளவிற்கு எவரும் வாய்திறக்கவில்லை என்பதே மற்றப் பாதி. மால்டாவிற் கூடிய படை நீதிமன்றம், மோதலுக்குக் காரணம் ட்ரையனின் கட்டளையே எனத் தீர்த்தது. மார்க்கம் தாம் முதலில் எண்ணியவாறு தம் ஐயத்தைத் தெரிவிக்காமற்போனது வருந்தத்தக்கது எனவும் அது குறித்தது. மூழ்கிய விக்டோரியாவை 2004ஆம் ஆண்டிலே கடலடியிற் கண்டுபிடித்தார்கள். முகப்பு சேற்றிற் புதைந்திருக்க, பிற்பகுதி மேல்நோக்கி நிற்க, அது ஒரு தூணைப் போல நிலைகுத்தாக நிற்கின்றது.

விக்டோரியாவில் ராடார் இல்லை, வானொலியும் இல்லை. அவை இருந்திருந்தால் இத்தகைய விபத்துகள் நிகழா எனச் சிலர் எண்ணக்கூடும். எழுபது ஆண்டுகளுக்குப் பின்னர், அவ்விரண்டும் பெற்றிருந்த இரு கப்பல்களுக்கு நேர்ந்ததை நோக்குவோம்.

1964ஆம் ஆண்டு பெப்ரவரி 10ஆம் நாள் இரவு, அவுஸ்திரேலியாவின் ஜேர்விஸ் குடாவுக்கு அப்பால், அந்நாட்டு விமானந்தாங்கிக் கப்பலாகிய மெல்பேர்னும் நாசகாரிக் கப்பலாகிய வொயேஜரும் பயிற்சியில் ஈடுபட்டிருந்தன. விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து விமானங்கள் எழுந்தும் இறங்கியும் பழகும்போது, கடலில் வீழும் விமானியை மீட்பதற்காக ஒரு சிறு கப்பல் அதன் பின்புறத்தே தொடர்ந்து வரும். அவ்விடத்தை அடையுமாறு வொயேஜருக்குக் கட்டளை பிறந்தது. அது பெரிய கப்பலை விட்டு விலகிச் சுற்றிக்கொண்டு பின்னால் வருதல் வேண்டும். அவ்வாறன்றி, முதலில் வலப்புறம் விலகிய வொயேஜர் பின்னர் இடப்புறம் திரும்பி, மெல்பேர்னின் முகப்புக்கு நேர் குறுக்கே வந்தது.

மெல்பேர்னில் நின்றோர் அதனைக் கண்டனர். வேகத்தைக் குறைப்பதற்காக வொயேஜர் இப்படியும் அப்படியும் வளைகின்றது, தக்க சமயத்தில் விலகிவிடும் என அவர்கள் எண்ணினர். வொயேஜரில் நின்றோர் ஆபத்தை உணர்ந்தபோது திரும்புவதற்கு இடம் இருக்கவில்லை. ஏறக்குறைய 20,000 தொன் எடையுள்ள மெல்பேர்ன் அதனை இரு துண்டாக வெட்டியது. 314 பேரில் 82 பேர் உயிரிழந்தனர். வொயேஜரின் தளபதியும், அவரோடு மேற்றளத்தில் நின்ற அதிகாரிகளும் மாண்டமையால், அக்கப்பல் ஏன் அவ்வாறு திரும்பியது என்பது முற்றாகத் தெளிவாகவில்லை. அரச விசாரணைக் குழுக்கள் இரண்டு, 1964இலும் 1967இலும் ஆராய்ந்தன. முதலாவது குழு மெல்பேர்னின் தளபதி தக்க எச்சரிக்கை விடுக்கவில்லை எனக் குறைகூறியது. இரண்டாவது குழு அவரைக் குற்றத்தினின்று நீக்கியது.

இதனினும் வியப்பானது, ஐந்து ஆண்டுகளின் பின் அதே மெல்பேர்னுக்கு அதே போன்ற விபத்து மறுபடியும் நேர்ந்தமையாகும். 1969ஆம் ஆண்டு யூன் 3ஆம் நாள், விடியுமுன், தென்சீனக் கடலிலே, அமெரிக்க நாசகாரிக் கப்பலாகிய பிராங்க் ஈ. எவான்ஸ் அதே காவலிடத்தை அடையும் பொருட்டுத் திரும்புகையில், மெல்பேர்னின் குறுக்கே வந்து பிளவுண்டது. 74 அமெரிக்க மாலுமிகள் இறந்தனர். முன்னைய விபத்தை மறவாத மெல்பேர்னின் தளபதி, துணைக் கப்பல்களுக்கு முன்பே எச்சரிக்கை கூறியிருந்தார். தம் கப்பலின் விளக்குகளையும் ஒளிபெறச் செய்திருந்தார். எவான்ஸ் கப்பலின் தளபதி உறக்கத்தில் இருந்தார். அணியிலே மாற்றம் ஏதும் நேருமாயின் தம்மை எழுப்பவேண்டும் என்று அவர் கூறி வைத்திருந்தார். காவலில் நின்ற அனுபவங் குறைந்த இளம் அதிகாரிகள் இருவர் அவரை எழுப்பவில்லை.

தலைவனை எழுப்புவதற்குத் தயங்குதல் சிறிய காரியம்போலத் தோன்றும். உறங்குபவரின் ஓய்வைக் கெடுப்பானேன், இதனை நாமே சமாளிக்கலாம், எழுப்பினால் நம்மை அறிவிலி என எண்ணுவாரே என்றெல்லாம் மனம் சமாதானஞ் சொல்லும். 1969இல் நிகழ்ந்த அதே தயக்கம் 2017ஆம் ஆண்டிலும் நிகழ்ந்தது.

2017ஆம் ஆண்டு யூன் 17ஆம் நாள், அதிகாலை ஒன்றரை மணியளவில், ஜப்பானின் இசு தீபகற்பத்துக்கு அப்பால், பிட்ஸ்ஜெரால்ட் என்னும் அமெரிக்க நாசகாரிக் கப்பலும் ஏ.சி.எக்ஸ். கிறிஸ்டல் என்னும் கொள்கலன் கப்பலும் மோதின. வணிகக் கப்பல் போர்க்கப்பலின் வலப்புறத்தே வந்துகொண்டிருந்தது. விதியின்படி விலகவேண்டியது போர்க்கப்பலே. அக்கடற்பரப்பிலே கப்பல்கள் நெருங்கிச் செல்லும் என்பது யாவரும் அறிந்ததே. பிற கப்பல்கள் குறித்த தூரத்துக்குள் வரும்போது தம்மை அழைக்குமாறு தளபதி கட்டளையிட்டிருந்தும், காவலதிகாரி அவரை அழைக்கவில்லை. ராடார் இருந்தது, அதனை நன்கு சரிசெய்து பார்ப்பார் இல்லை. வலப்புறத்தைக் கண்ணாற் பார்த்து நிற்பதற்கும் ஆள் நிறுத்தப்படவில்லை. மேற்றளத்தில் நின்றோரும், உள்ளே கருவிகளின் முன் இருந்தோரும் ஒருவரோடொருவர் போதிய அளவு பேசிக்கொள்ளவில்லை. கொள்கலன் கப்பலின் நீரடி முகப்பு, மாலுமிகள் உறங்கிய அறைப் பகுதியைத் துளைத்தது. அங்கிருந்த 35 பேரில் 28 பேர் இருளிலும் பெருகும் நீரிலும் வழிதேடி மேலேறினர். 7 பேர் வெளியேற முடியாமல் இறந்தனர்.

இரண்டு மாதங்கள் கழித்து, ஆகஸ்ட் 21ஆம் நாள், சிங்கப்பூர் நீரிணையை அணுகிய ஜோன் எஸ். மக்கெயின் என்னும் மற்றோர் அமெரிக்க நாசகாரிக் கப்பல், அல்னிக் எம்.சி. என்னும் எண்ணெய்க் கப்பலோடு மோதியது. 10 பேர் மாண்டனர். அங்கு நிகழ்ந்தது வேறொரு வகையான குழப்பம். சுக்கானையும் வேகத்தையும் ஒருவரே கவனிப்பது கடினமாயிருந்தமையால், வேகத்தை மற்றொருவரிடம் ஒப்படைக்குமாறு தளபதி கூறினார். தொடுதிரைக் கருவியில் அம்மாற்றத்தைச் செய்கையில், சுக்கானின் கட்டுப்பாடும் அறியாமல் வேறிடத்துக்கு மாறிவிட்டது. சுக்கான் பழுதாகிவிட்டது என்று கருதிச் சுக்கானி கூவினான். வேகத்தைக் குறைத்தபோது ஒரு பக்கத்துச் சுழலி மாத்திரமே வேகங்குறைய, கப்பல் இடப்புறம் வளைந்து எண்ணெய்க் கப்பலின் வழியிற் புகுந்தது. உண்மையிற் சுக்கானுக்கு எவ்விதப் பழுதும் இல்லை. கருவி இருந்தது, அதனை இயக்கும் முறையை நன்கு கற்றோர் அங்கு இல்லை. வேறொரு கப்பலிலிருந்து தற்காலிகமாக வந்து பணியாற்றிய சிலர், அக்கருவியிற் போதிய பயிற்சி பெறாதவர்களாக இருந்தனர்.

இவ்விரு மோதல்களும் தவிர்த்திருக்கக் கூடியவை என்றே அமெரிக்கக் கடற்படையின் விசாரணை கூறியது. இரு நிகழ்ச்சிகளிலும் ஆபத்தை அறிவிக்கும் ஐந்து குறும் ஊதல்கள் ஊதப்படவில்லை என்பதும் அவ்விசாரணையில் வெளிவந்தது. விசாரணைகள் மேலும் ஆழமாகச் சென்றபோது, குற்றம் அவ்விரவுகளிற் காவலில் நின்றோருடையது மாத்திரமன்று என்பதும் தெளிவாயிற்று. இளம் அதிகாரிகளை மாதக்கணக்காக வகுப்பிலிருத்திக் கற்பித்த பயிற்சி 2003ஆம் ஆண்டிலே நிறுத்தப்பட்டு, கணினித் தட்டுகளைக் கொடுத்துத் தாமே படிக்குமாறு விடப்பட்டிருந்தனர். கப்பல்களுக்குக் கடமைகள் மிகுந்தன. பயிற்சிக்கும் ஓய்வுக்கும் காலம் குறைந்தது. களைத்த கண் காண்பதையும் காணாது. கற்பிக்கப்படாத கை வேண்டிய வேளையில் தடுமாறும். 2017இன் பின்னர் வகுப்புப் பயிற்சியை மீண்டும் நீட்டினர். நாசகாரிக் கப்பல்களின் தொடுதிரைக்குப் பதிலாகக் கையாற் பிடித்து இயக்கும் பிடிகளை மறுபடியும் பொருத்தவும் 2019இல் முடிவு செய்தனர்.

கண்ணாற் காண்பதும் ஒருவேளை ஏமாற்றும் என்பதை நோர்வே நாட்டிலே நிகழ்ந்த விபத்து ஒன்று காட்டுகின்றது. 2018ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் அதிகாலை, ஹெல்கே இங்ஸ்டாட் என்னும் நோர்வேப் போர்க்கப்பல், கரையோர நீர்வழியொன்றில் விரைந்து வந்தது. அதன் முன்னே பல விளக்குகளின் ஒளித்திரள் தெரிந்தது. அஃது எண்ணெய் ஏற்றும் துறைக்கு அருகில் அசையாது நிற்கும் ஏதோ ஒரு பொருள் எனக் காவலில் இருந்தோர் கருதினர். உண்மையில் அது துறையைவிட்டு அப்பொழுதுதான் புறப்பட்ட சோலா ரி.எஸ். என்னும் எண்ணெய்க் கப்பல். அதன் மேற்றள விளக்குகள் எரிந்துகொண்டிருந்தமையால், வழிவிளக்குகளைப் பிரித்தறிவது அரிதாயிற்று. சற்று முன்னரே காவல் கைமாறியிருந்தது. முன்னவர் கொண்ட எண்ணத்தையே பின்னவரும் ஏற்றுக்கொண்டனர். வலப்புறம் திரும்புமாறு எண்ணெய்க் கப்பல் வானொலியில் வேண்டியபோதும், அவ்வாறு திரும்பினால் நிற்கும் பொருளின்மீது மோதுவோமே எனப் போர்க்கப்பலில் இருந்தோர் தயங்கினர். மோதியது. கப்பலில் இருந்த 137 பேரும் உயிர்தப்பினர். கப்பல் பின்னர் நீரில் அமிழ்ந்தது.

இங்ஙனம் நூற்றிருபத்தைந்து ஆண்டுகால நிகழ்ச்சிகளை ஒருங்கே வைத்து நோக்கினால், கப்பல்கள் மாறியிருக்கின்றன, கருவிகள் மாறியிருக்கின்றன, தவறுகளோ பெரிதும் மாறவில்லை என்பது புலனாகும். பார்க்கவேண்டியதைப் பாராமை, பார்த்ததை ஆராயாது முன்னரே கொண்ட எண்ணத்துக்கு இசையக் கொள்ளுதல், மற்றவர் விலகுவார் எனக் காத்திருத்தல், ஐயம் எழுந்தும் அதனைச் சொல்லாமை. இவற்றுக்கு மறுதலையானவையே நல்ல கப்பலோட்டுந் திறன் எனப்படுவது.

அத்திறன் அலைகளை அஞ்சாது எதிர்க்கும் வீரம் என எண்ணுதல் தவறு. பெரும்பாலும் அது மிகச் சாதாரணமான பழக்கங்களின் தொகுதியே. ஒரு விளக்கைக் கண்டவுடன் அதன் திசையைக் குறித்தல். சிறிது நேரங் கழித்து மறுபடியும் பார்த்தல். ராடார் காட்டுவதைக் கண்ணாலும், கண் காட்டுவதை ராடாராலும் ஒத்துப் பார்த்தல். விலகவேண்டுமாயின் காலத்தோடு, தெளிவாக விலகுதல். காவல் கைமாறும்போது காண்பது இன்னது, ஊகிப்பது இன்னது எனப் பிரித்துச் சொல்லுதல். தலைவனை எழுப்பவேண்டிய வேளையில் எழுப்புதல். இவற்றுள் எதுவும் அரிய செயலன்று. ஆயின், ஒவ்வோர் இரவும், எதுவும் நிகழாத ஆயிரம் இரவுகளிலும், இவற்றைச் சலிப்பின்றிச் செய்துவருதல் அரிது. அதனாலேயே பயிற்சி வேண்டப்படுகின்றது. நூலை ஒருமுறை படித்து விதியை ஒப்புவித்தவன் அவ்விதியை அறிந்தவனாகான். கை தானாகச் செய்யுமளவும் அனுபவமுள்ள ஒருவரின் கண்காணிப்பிற் பழகியவனே அறிந்தவன்.

இங்கே ஒரு வினா எழலாம். கீழுள்ளோர் ஒவ்வொருவரும் ஐயங் கிளப்பத் தொடங்கினால், படையின் ஒழுங்கு குலையாதோ? குலையாது. ஐயத்தைத் தெரிவித்தல் வேறு, கட்டளையை மீறுதல் வேறு. "தூரம் போதாது" என்று இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் எவரேனும் வற்புறுத்தியிருப்பின், ட்ரையனின் அதிகாரம் குறைந்திராது; அவருடைய உயிரும் 357 பேரின் உயிரும் தப்பியிருக்கும். இதிலே தலைவனுக்கும் பெரும் பொறுப்பு உண்டு. தவறினால் எடுத்துச் சொல்லக்கூடிய மனிதரைத் தன்னைச் சூழ வைத்திருப்பவனும், அவர்கள் சொல்லும்போது செவிகொடுப்பவனுமே நல்ல தலைவன். எவருடைய வினாவும் தலைமைக்கு அவமதிப்பு என்று கருதப்படும் கப்பலில், அறிந்தவனும் வாய்மூடியே நிற்பான்.

கப்பலிலே இரவு வேளையில் ஒரு சிலரே விழித்திருப்பர். ஏனையோர் நீர்மட்டத்துக்குக் கீழுள்ள அறைகளில், இரும்புத் தகட்டுக்கு அப்பால் கடல் ஓடிக்கொண்டிருக்க, உறங்குவர். மேலே ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கின்றான் என்ற நம்பிக்கையிலேயே அவர்கள் கண்மூடுகின்றனர். பிட்ஸ்ஜெரால்டில் இறந்த எழுவரும் அவ்வாறு உறங்கச் சென்றவர்களே. ஆகையால், காவலில் நிற்பவன் தன் ஐயத்தை வெளியிட வெட்கப்பட்டு ஒரு நிமிடம் வாளாவிருப்பானாயின், அந்த நிமிடம் அவனுடையதன்று, கீழே உறங்குவோருடையது. அவர்களுக்காகவே ஊதலின் கயிறு அவன் கைக்கெட்டும் தூரத்தில் வைக்கப்பட்டிருக்கின்றது.